ஊர்க் கண்மாயும் நிலப்படமும்

ஆண்டுத் தேர்வு நெருங்கும் காலத்தில் புவியியல் வகுப்புக்குள் நுழைவோர் ஒரு காட்சியைக் காண்பர். மாணவர் ஒவ்வொருவர் முன்னும் எல்லைக்கோடு மட்டும் அச்சிட்ட இந்திய நிலப்படம் ஒன்று கிடக்கும். கங்கை ஓடும் வழியை நீல வண்ணத்தால் இழுப்பர். தக்காணப் பீடபூமியைப் பழுப்பு வண்ணத்தால் நிரப்புவர். கரிசல் மண் இங்கே, சணல் விளைவது அங்கே என்று குறியிடுவர். பழகிய கைகள் ஆதலால் பிழை குறைவு. அம்மாணவருள் ஒருவனை எழுப்பி, "தம்பி, உன் ஊர்க் கண்மாய்க்கு நீர் எத்திசையிலிருந்து வருகிறது? கண்மாய் நிறைந்தபின் மிகைநீர் எந்த ஊருக்குப் போகிறது?" என்று வினவினால், அவன் மட்டுமன்றி வகுப்பு முழுவதும் வாய்மூடி இருக்கும். ஆயிரம் கல்லுக்கு அப்பால் ஓடும் ஆற்றை அறிந்த பிள்ளை, தன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலை அறியான்.

இக்குறைக்கு அப்பிள்ளையைப் பொறுப்பாக்குதல் முறையன்று. நிலப்படக் கல்வியை எங்கே தொடங்குவது என்பதில் நேர்ந்த தடுமாற்றமே இதற்குக் காரணம். அருகில் உள்ளதைக் கண்டு, அளந்து, வரைந்து, அதன் பின்னரே தொலைவில் உள்ளதைப் படத்தில் படித்தல் இயற்கையான முறை. பள்ளிகளிலோ பெரும்பாலும் தொலைவில் தொடங்கித் தொலைவிலேயே முடித்துவிடுகின்றனர். காணாத இடத்தின் படம் மாணவனுக்கு வண்ணம் தீட்டிய தாள் மட்டுமே. அத்தாள் பொய் சொன்னாலும் அவனால் கண்டறிய இயலாது. தான் நாள்தோறும் நடக்கும் நிலத்தின் படத்தையோ அவன் சோதித்துப் பார்க்கலாம். பிழை கண்டால் திருத்தலாம். படம் படித்தல் என்பது இந்தச் சோதனையே. எந்த மாவட்டத்துக்கும் இது பொருந்தும். ஆயினும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது பிழைப்போடு ஒட்டிய செய்தி ஆகும்.

இம்மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இல்லை. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்பன மழை பெய்தால் ஓடி, மழை ஓய்ந்தால் மணலாகக் கிடப்பவை. காவிரி நீர் கல்லணைக் கால்வாயின் வழியே அறந்தாங்கிப் பக்கத்துச் சில ஊர்களை எட்டும். மேட்டு நிலமாகிய ஏனைய பகுதிக்கு அப்பேறு இல்லை. ஆதலின் இந்நாட்டு முன்னோர் விழும் மழையைத் தேக்கி வைத்து உழவு செய்தனர். கவிநாட்டுக் கண்மாய் போன்ற பெரியனவும், ஊர்ப் பெயரன்றித் தனிப் பெயர் இல்லாத சிறியனவும் ஆக, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இம்மாவட்டத்தில் உள்ளன. அவை தனித்தனியே கிடக்கும் பள்ளங்கள் அல்ல. மேலூர்க் கண்மாய் நிறைந்து கலிங்கு வழியே வழிந்தால், அந்நீர் வாய்க்காலில் ஓடிக் கீழூர்க் கண்மாயை நிறைக்கும். அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ள கண்மாய்க்குப் போகும். நூலிற் கோத்த மணிகள் போல அவை ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கின்றன. நூல் அறுந்தால் மணி சிதறும் என்பதை எவரும் அறிவர். இங்கே நூலாக இருப்பது வரத்து வாய்க்கால்.

இந்நிலத்தின் சரிவு எவ்வளவு என்று மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். புதுக்கோட்டை நகர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து தென்கிழக்கே மணமேல்குடிக் கடற்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால், ஒரு கிலோமீட்டர் நடந்தால் நிலம் தாழ்வது ஒன்றரை மீட்டரினும் சற்றே மிகுதி என்பது புலப்படும். இதனைக் கண் அறியாது, கால் அறியாது, மிதிவண்டியில் போகின்றவனும் அறியான். தண்ணீர் மட்டுமே அறியும். இத்துணை மெல்லிய சரிவில் நீரை ஊர் ஊராக நடத்திச் சென்றவர்கள், எழுதிய படம் ஒன்றும் இல்லாமலே நிலத்தின் ஏற்றத்தாழ்வை நுணுகி அறிந்திருந்தனர் என்பது வியப்புக்குரியது அன்றோ?

அவ்வறிவு தமிழ்ச் சொற்களிலேயே படிந்து கிடக்கிறது. ஞாயிறு தோன்றும் திசையைக் கிழக்கு என்றும், மறையும் திசையை மேற்கு என்றும் தமிழர் வழங்கினர். கீழ் என்பது தாழ்வு. மேல் என்பது உயர்வு. மேற்குத் தொடர்மலையிலிருந்து வங்கக் கடலை நோக்கிச் சரியும் நிலத்தில் வாழ்ந்தவர் சூட்டிய பெயர்கள் இவை என்று அறிஞர் கூறுவர். மலையாள நாட்டில் நிலம் மறுதலையாகச் சரிகிறது; மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆயினும் அங்கும் ஞாயிறு எழும் திசைக்குக் கிழக்கு என்ற பெயரே நின்றது. மலைக்கு இப்பால் பிறந்த சொல் அப்பால் சென்று வழங்கியதற்கு இதனைக் கால்டுவெல் சான்றாகக் காட்டினார். மேற்றிசையை மட்டும் அந்நாட்டார் ஞாயிறு படியும் திசை என்னும் பொருளில் 'படிஞ்ஞாறு' என்றனர். சொல்லைப் பயிலும் மாணவன் நிலத்தையும் உடன் பயிலலாம் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி, இவ்வறிவு போனதால் நேர்வது யாது என்று பார்த்தல் வேண்டும். ஓர் ஊரில் புதிய சாலை போடுகின்றனர். மண்ணைக் கொட்டி ஒரு மீட்டர் உயர்த்துகின்றனர். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் பாலம் வைக்க வேண்டும் என்பதைக் கேட்பார் எவரும் இல்லை. ஏனெனில் நெடுங்கோடையில் அங்கே வாய்க்கால் இருந்த சுவடே தெரிவதில்லை. மற்றோர் ஊரில் வரத்துக்கால் புறம்போக்கு என்பதை அறியாது ஒருவர் வேலி அடைக்கிறார்; அறிந்தே அடைப்பவரும் உண்டு. இன்னோர் ஊரில் வாய்க்காலின் மேல் சீமைக்கருவேலம் அடர்ந்து காடாகி நிற்கிறது. ஐப்பசியில் மழை பெய்கிறது. ஓர் ஊரின் தெருவில் முழங்கால் அளவு நீர். அடுத்த ஊர்க் கண்மாயோ வறண்டு கிடக்கிறது. ஓர் ஊர் வெள்ளத்தைப் பழிக்கிறது. மற்றோர் ஊர் வானத்தைப் பழிக்கிறது. பழைய ஊர்ப்படத்தை விரித்துப் பார்க்கத் தெரிந்தவர் இருவர், ஊருக்கு ஒருவராக இருந்திருப்பின், அவ்வழக்கு வானத்தின் மேல் போயிருக்காது.

ஆகவே புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளில் நிலப்படக் கல்வியின் முதற்பாடம் ஊர்க் கண்மாயாக இருத்தல் வேண்டும் என்பது வற்புறுத்திக் கூறத்தக்கது. அஃது எங்ஙனம் நடைபெறலாம் என்பதையும் ஒருவாறு காட்டலாம்.

முதலில் அறிய வேண்டுவது திசை. ஞாயிறு எழும் திசை கிழக்கு என்று பாடம் சொல்கிறது. ஆண்டில் இரண்டு நாள்களில் மட்டுமே ஞாயிறு சரியான கிழக்கில் எழும். மற்ற நாள்களில் வடக்கிலோ தெற்கிலோ ஒதுங்கியே எழும். நடுப்பகலில் நிழல் வடக்கே விழும் என்று சொல்லிக் கொடுப்பதும் உண்டு. வடநாட்டில் எழுதிய நூலில் அது மெய். புதுக்கோட்டையோ வட அட்சம் 10 பாகை 23 கலையில் அமைந்தது. ஏப்ரல் மாதத்து மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு மாதத்து இறுதி வாரத்தில் ஒரு நாளும் ஞாயிறு இவ்வூரின் உச்சிக்கு நேரே வரும். அவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும்! நூலை நம்பித் திசை குறித்த மாணவன் அந்நாள்களில் வடக்கைத் தெற்காக்கிவிடுவான். நண்பகல் என்பதும் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும் நேரம் அன்று. இந்தியாவின் பொது நேரம் கிழக்குத் தீர்க்கம் 82½ பாகைக்குரியது. புதுக்கோட்டை அதற்கு மேற்கே 78 பாகை 49 கலையில் இருத்தலால், ஞாயிறு இங்கே உச்சி அடைவது ஏறத்தாழக் கால்மணி நேரம் கழிந்தே ஆகும்.

பிழையற்ற முறை ஒன்று பழங்காலந்தொட்டே உண்டு. சமமான தரையில் செங்குத்தாக ஒரு கோலை நட்டு, அதனை நடுவாகக் கொண்டு வட்டம் ஒன்று வரைதல் வேண்டும். முற்பகலில் கோலின் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் கோட்டால் இணைத்தால் அக்கோடு மேற்கு கிழக்காக அமையும். நிழல் வடக்கே விழுந்தால் என்ன, தெற்கே விழுந்தால் என்ன, இம்முறை பொய்ப்பதில்லை. கோயில் எடுப்போர் சங்கு நாட்டித் திசை காண்பது இதுவே. நெடுநல்வாடையில், கோல்களின் நிழலால் திசை தெரிந்து, நூலிட்டு அளந்து அரண்மனை வகுத்த செய்தி காணப்படுகிறது. ஈராயிரம் ஆண்டு அளவில் பழைமையுடைய அப்பாட்டைத் தமிழ் வகுப்பில் பொருள் கூறிப் படிக்கின்ற மாணவர், அதே முற்பகலில் பள்ளி முற்றத்தில் ஒரு கோல் நட்டுப் பார்த்தால் தமிழாசிரியர் மகிழ்வாரேயன்றி வருந்தார்.

அடுத்தது அளவை. கிலோமீட்டர் என்பதை மாணவர் சொல்லாகவே அறிவர், காலால் அறியார். நூறு மீட்டர் நீளமுள்ள கயிற்றைத் தரையில் கிடத்தி, அதனை எத்தனை அடிவைப்பில் கடக்கிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணி வைத்துக்கொள்ளல் வேண்டும். ஒருவனுக்கு 150 ஆகும். குட்டையான இன்னொருவனுக்கு 170 ஆகும். அந்த எண்ணே அவனவன் அளவுகோல். அதனைக் கொண்டு கண்மாய்க் கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து எண்ணி, நூறு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் தாளில் இறக்கலாம். கரை வளையும் இடத்தில் படமும் வளைதல் வேண்டும். மடை எங்கே, கலிங்கு எங்கே, குமிழி எங்கே, ஆயக்கட்டு வயல் எதுவரை, வரத்துக்கால் எந்த மூலையில் வந்து சேர்கிறது என்பவற்றை ஒவ்வொன்றாகக் குறித்து, ஓரத்தில் வடக்கு நோக்கிய அம்பும், அளவையும், குறிவிளக்கமும் எழுதல் வேண்டும். முதல் முறை வரைந்த படத்தில் கண்மாயின் வடகரையும் தென்கரையும் ஒட்டாமல் போகும். அது நல்லது, ஏன் ஒட்டவில்லை என்று தேடும்போதுதான் அளத்தல் இன்னதென்பது பிடிபடும்.

தன் கையால் ஒரு படம் வரைந்தவனுக்குப் பிறர் வரைந்த படம் பேசத் தொடங்கும். 1767ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய நில அளவைத் துறை வெளியிடும் நிலத்தோற்றப் படங்களை அப்போது அவன் கையிற் கொடுக்கலாம். அவற்றைக் குடிமக்கள் கட்டணமின்றி இணையவழிப் பெற 2017ஆம் ஆண்டில் வழி செய்யப்பட்டது. பழைய எண்முறையில் புதுக்கோட்டை நகர் அடங்கிய தாள் 58 ஜே/15 எனப்படும். அதில் இரண்டு சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். நீர் நிற்கும் இடம் நீலம், வறண்ட ஓடையின் கோடு கறுப்பு, உழவு நிலம் மஞ்சள், காடு பச்சை, சாலையும் குடியிருப்பும் சிவப்பு. பழுப்பு நிறத்தில் வளைந்து செல்லும் கோடுகள் சமஉயரக் கோடுகள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வரைந்தவை அவை. நார்த்தாமலைப் பக்கம் அக்கோடுகள் நெருங்கிச் சுருண்டு கிடக்கும். குன்று செங்குத்தானது என்பது பொருள். சமவெளியிலோ, முன்னர்க் கணக்கிட்ட சரிவை நினைவிற் கொண்டால், 20 மீட்டருக்கு ஒன்றாக வரைந்த இரு கோடுகளின் இடைவெளி சராசரியாக ஒரு சாண் அளவுக்கு வந்துவிடும். அந்த ஒரு சாண் இடைவெளிக்குள் எத்தனை கண்மாய்கள் கிடக்கின்றன என்று மாணவர் எண்ணிப் பார்ப்பாராக. அவற்றுள் எது மேல், எது கீழ் என்பதைக் கோடு சொல்லாது. ஆயினும் கண்மாய்க் கரை எந்தப் பக்கம் வளைந்துள்ளது என்பது சொல்லும். பிறைபோல் வளைந்த கரை எப்பக்கம் உள்ளதோ அப்பக்கமே தாழ்வு. வாய் திறந்திருக்கும் பக்கமே நீர் வரும் மேடு. இந்த ஒரு குறிப்பை அறிந்தவன் தாள் முழுவதும் நீர் ஓடும் திசையை விரலால் தடவிக் காட்டிவிடுவான்.

நில அளவைத் தாளினும் நுண்ணியது ஊர்ப்படம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அப்படத்தில் ஒவ்வொரு புலமும் எண்ணோடு காணப்படும். பழைய படங்கள் பல 16 அங்குலம் ஒரு மைல் என்னும் அளவையில் அமைந்தவை. ஒரு புலத்தை மட்டும் தனியே காட்டுவது புலப்படம். அளவைக் கல் நட்ட இடங்களும், ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் இடையே உள்ள தொலைவும் அதில் எழுதப்பட்டிருக்கும். பழைய அளவுகள் சங்கிலிக் கணக்கில் உள்ளன. சங்கிலி ஒன்று 66 அடி. அதில் 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இக்கணக்கு அறியாமையால் தம் நிலம் எவ்வளவு என்பதைப் பிறர் சொல்லக் கேட்டே நம்பும் உழவர் இன்றும் பலர். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தந்தையின் புலப்படத்தைப் படித்து, கல் நின்ற இடத்தை வயலிலே காட்டுவாளாயின், அக்குடும்பத்துக்குப் பள்ளிக்கூடம் அளித்த வேறெந்தப் பயனும் அதற்கு ஈடாகாது.

நில எல்லையைப் பொதுவில் அறிவித்து வைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. இந்நாட்டுக் கோயிற் கல்வெட்டுகளில் நிலக்கொடை கூறும் இடமெல்லாம் கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என நான்கு எல்லைகளும் சொல்லப்பட்டுள்ளன. இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்ன குளத்தின் கரைக்கு வடக்கு, இன்ன பாறைக்குக் கிழக்கு என்று அவை செல்லும். படம் இல்லையே தவிர, படிப்பவன் நடந்து பார்த்துச் சரி காணும்படி எழுதப்பட்ட எழுத்து அது. ஏட்டிலும் தாளிலும் அன்றி, எவரும் வந்து படிக்கும் சுவரில் அதனை வெட்டி வைத்தார்கள் என்பதை மறத்தல் ஆகாது. இன்று படம் உள்ளது. அது பேழைக்குள் உள்ளது.

அளத்தலின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அண்டை நாடாகிய தஞ்சையில் நடந்தது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் பின்னிய பேரளவைக்கு அதுவே தொடக்கம். ஓர் உயரமான இடத்திலிருந்து மற்றோர் உயரமான இடத்தைப் பார்த்துக் கோணம் அளத்தல் அவர் முறை. மேட்டு நிலத்தில் குன்றுகள் உதவின. காவிரிச் சமவெளியில் குன்று ஏது? கோயிற் கோபுரங்களையே அவர் குன்றுகளாகக் கொண்டார். 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது, அரை டன் எடையுள்ள தியோடலைட்டு என்னும் கோணமளக்கும் கருவியை ஏற்றும்போது வடம் அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தட்டு வளைந்துபோயிற்று. வேறொருவர் அந்த அளவில் ஊர் திரும்பியிருப்பார். லாம்டன் பல வாரங்கள் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, அத்தட்டைச் சிறிது சிறிதாக நிமிர்த்திப் பழைய நிலைக்குக் கொணர்ந்தார். 1823ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவர் அளந்துகொண்டே இருந்தார். அவர் தொடங்கிய பணி இமயம் வரை சென்றது. அப்பணியில் கணக்கராக இருந்த வங்காளத்து இராதாநாத் சிக்தாரின் கணக்கே, 1852ஆம் ஆண்டில், பதினைந்தாம் எண்ணிட்ட சிகரம் உலகில் மிக உயர்ந்தது என்று காட்டியது. சிகரத்துக்கு வைத்த பெயர், எவரெஸ்டு என்னும் முன்னாள் அளவைத் தலைவருடையது. கணக்கிட்டவர் பெயரைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை மாணவர்க்குக் கோபுரம் ஏறும் தேவையும் இல்லை. திருமயக் குன்று இருக்கிறது. சேதுபதி மன்னர் கோட்டை எடுத்த அக்குன்றின் உச்சியில் நின்றால் சாலையும், இருப்புப் பாதையும், கண்மாய்களும், வயல்களும் கீழே விரித்து வைத்த படம்போல் தோன்றும். நிலத்தோற்றப் படத்தை வடக்கு வடக்கோடு பொருந்தத் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணிற் படும் ஒவ்வொன்றையும் தாளில் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு அதனினும் ஏற்ற இடம் அரிது. சுற்றுலா செல்லும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே பீரங்கியின் அருகில் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றனர்.

நிலப்படத்தில் உள்ள கோடுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதையும் மாணவர் உணர்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் வரை புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். படத்தில் தனி வண்ணம். அதன்பின் அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியது. 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், தஞ்சை மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதியும் சேர்ந்து, புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. முப்பது ஆண்டுக்குள் எல்லைக்கோடு இருமுறை மாறிற்று. வெள்ளாறு மாறவில்லை. அந்த வெள்ளாற்றின் வடபால் கோனாடு என்றும் தென்பால் கானாடு என்றும் முன்னாளில் வழங்கினர். அப்பெயர்களும் ஏட்டுக்குப் போய்விட்டன. மனிதர் இழுத்த கோடு அரசாணையால் மாறும். நீர் இழுத்த கோடு அங்ஙனம் மாறாது. இடையே ஒன்று கூறலாம்: தமிழ்நாட்டில் வெள்ளாறு என்னும் பெயருடையன இரண்டு. ஒன்று பரங்கிப்பேட்டை அருகே கடலிற் கலப்பது. மற்றொன்று மணமேல்குடிப் பக்கம் கலப்பது. பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர் தேர்வுத் தாளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.

மனிதர் இழுத்த கோட்டை எளிதாக எண்ணிவிடவும் ஆகாது. மாவட்டத்தின் கிழக்கே பாக்கு நீரிணை உள்ளது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து மீனவர் கடலுக்குச் செல்கின்றனர். 1974ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கை, அந்நீரிணையில் ஆறு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைக்கும் கோட்டை எல்லையாக வகுத்தது. அப்புள்ளிகள் பாகையாலும் கலையாலும் சொல்லப்பட்டவை. அலையின் மேல் கல் நட இயலாது. கோட்டைத் தாண்டியதாகச் சிறைப்பட்ட மீனவரின் வீட்டுப் பிள்ளைகள் இம்மாவட்டத்துப் பள்ளிகளில் படிக்கின்றனர். மீன்வளம், உரிமை, வாழ்க்கை ஆகிய பெரிய வினாக்கள் அதில் அடங்கியிருத்தலால், நிலப்படப் பயிற்சி ஒன்றே அத்துன்பத்தைத் தீர்க்கும் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், அட்சத்தில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் என்பதை அறிந்து, படகில் உள்ள கருவி காட்டும் எண்ணைக் கடற்படத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அட்சமும் தீர்க்கமும் வெறும் இரண்டு மதிப்பெண் வினா ஆகா.

இங்கே சிலர் தடை எழுப்புவர். கைப்பேசியே வழி காட்டும் காலத்தில் இப்பயிற்சி எதற்கு என்பது ஒன்று. கைப்பேசி மிக நல்ல கருவி. செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பள்ளிப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துவிட்டது. ஆயினும் அது காட்டுவது போகும் வழியை. நடப்பவன் திரும்பும் பக்கமெல்லாம் படமும் திரும்பிக்கொள்வதால், வடக்கு எது என்று அவன் எண்ண வேண்டிய தேவையே எழுவதில்லை. அதில் கடைகளின் பெயர் உண்டு. வரத்துக்காலின் பெயர் இல்லை. தன் கையால் வரைந்த படத்தையும் கைப்பேசியின் வான்படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுபவனுக்குத்தான் அக்கருவி முழுப் பயன் தரும்.

வகுப்பை விட்டு வெளியே அழைத்துச் செல்ல நேரம் இல்லை என்பது மற்றொரு தடை. இதில் உண்மை உண்டு. ஆசிரியரின் சுமை சிறிதன்று. ஆனால் வகுப்பறைக்கு வெளியே கற்றல் இம்மாவட்டத்துக்குப் பழக்கமானதே. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, வேலை முடித்து வந்த பெண்கள் மரத்தடியிலும் தெருவிளக்கின் கீழும் எழுத்துக் கற்றனர். ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அதே காலத்தில் கேரளத்தில், கண்ணூரை அடுத்த கல்யாசேரி முதலிய ஊர்களில் சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தொண்டர்கள் புல எண் உள்ள படத்தைக் கையில் ஏந்திப் புலம் புலமாக நடந்து, மண்ணையும் நீரையும் பயிரையும் அதில் குறித்தனர். அறிவியலார் ஒருபுறம் உதவ, ஊரார் தம் ஊரின் படத்தைத் தாமே நிரப்பினர். அங்கே முதியோர் செய்ததன் ஒரு சிறு பகுதியைத்தான் இங்கே மாணவர் செய்ய வேண்டுகிறது, அரைநாள் போதும்.

தேர்வில் இந்திய நிலப்படம்தானே வருகிறது என்பாரும் உளர். வரட்டும். ஊர்க் கண்மாயை அளந்தவன் கங்கையைக் குறிக்கத் தவறமாட்டான். தேர்வுக்குப் பின்னும் படங்கள் வந்துகொண்டே இருக்கும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு விராலிமலையை அடுத்த குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினர். மாயனூரிலிருந்து குண்டாறு வரை ஏறத்தாழ 262 கிலோமீட்டர் செல்லத் திட்டமிட்ட அக்கால்வாய், வடமேற்கிலிருந்து தென்கிழக்கே சரியும் ஓடைகளைக் குறுக்கே கடந்து செல்ல வேண்டியது. எந்த ஊர்க் கண்மாய் அதற்குக் கீழே, எது மேலே, எந்த ஓடைக்குப் பாலம் வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவர்கள் ஊர்தோறும் இருத்தல் வேண்டாவோ? அக்கேள்வியைக் கேட்பவர் பொறியாளராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை.

தொடக்கத்துக்கு உரிய காலம் புரட்டாசி. அப்போது கண்மாய் பெரும்பாலும் வற்றியிருக்கும். உள்ளே இறங்கி நடக்கலாம். வாய்க்காலின் தடம் தெரியும். கரையை அளந்து முடித்தபின், வரத்துக்கால் வந்து சேரும் மூலையிலிருந்து மேல்நோக்கி நடந்து சென்று, அது எந்த ஊர்க் கலிங்கிலிருந்து புறப்படுகிறது என்பது வரை போய்ப் பார்த்தல் வேண்டும். வழியில் ஆடு மேய்க்கும் பெரியவர் எவரேனும் எதிர்ப்படுவார். பழைய வாய்க்கால் எங்கே இருந்தது என்பதை அவரினும் நன்றாக அறிந்தவர் இல்லை. அவரை "ஐயா" என்று அழைத்துக் கேட்டு, அவர் காட்டும் இடத்தையும் படத்தில் புள்ளிக்கோட்டால் குறித்துக்கொள்ளலாம். பின்னர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர்ப்படத்தைக் கேட்டு வாங்கி, தம் படத்தை அதன் பக்கத்தில் விரித்து வைத்து, பழைய தாளில் இருந்து புதிய தாளில் இல்லாமற்போன வாய்க்கால்கள் எத்தனை என்று எண்ணல் வேண்டும். ஐப்பசியில் முதற்பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, அதே தாளை எடுத்துக்கொண்டு அதே வழியில் மீண்டும் நடந்தால், தண்ணீர் எந்தக் கோட்டின் மேல் ஓடுகிறது, எந்த இடத்தில் கோட்டை விட்டு விலகித் தெருவுக்குள் நுழைகிறது என்பதை அங்கேயே பென்சிலால் குறிக்கலாம்.